நிலவறை ரொட்டிக் கூடங்கள்: சட்டம் எதை அளந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் மாநகர மக்கள் உண்ட ரொட்டியில் கணிசமான பகுதி நிலத்துக்கு அடியில் சுடப்பட்டது. கடையின் தரைக்குக் கீழே, சில இடங்களில் நடைபாதைக்கும் அடியில் நீண்டு செல்லும் ஒரு நிலவறை. அதில் ஒரு செங்கல் அடுப்பு, மாவு பிசையும் மரத்தொட்டி, ஒன்றிரண்டு வாயு விளக்குகள், நாலைந்து ஆட்கள். இரவு பதினொரு மணி வாக்கில் வேலை தொடங்கும். ஊர் விழித்து எழும்போது ரொட்டி சூடாகக் கடையில் இருக்கும்.

இந்த அறைகளைச் சீர்திருத்தப் பிரிட்டனில் 1863 முதல் 1901 வரை அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றப்பட்டன. தொழிற்சாலைச் சட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் இவற்றைப் பெரும் சாதனைகளாகப் போற்றுவது வழக்கம். சாதனைகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் பௌதிகம் படித்த ஒருவர் அச்சட்டங்களின் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தால் ஒரு விந்தையைக் காண்பார். அவை சுவரை அளந்தன; சாளரத்தை அளந்தன; தரையின் ஆழத்தை அளந்தன. அடுப்பின் முன் நின்றவன் மூச்சுவிட்ட காற்றை அளக்கவில்லை. அளக்கக் கருவி இல்லாமல் அல்ல என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

செங்கற்பட்டிலோ மாமல்லபுரத்திலோ நிலவறை ரொட்டிக் கூடம் ஏதுமில்லையே, இந்தப் பழங்கதை நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். அந்த விதிகளின் வாரிசுகள் நம் ஊர் பேக்கரிகளின் பின்கட்டில்தான் இருக்கின்றன. அங்கே போவதற்கு முன் நிலவறையைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஏன் நிலவறை?

குளிர்நாட்டு ரொட்டிக்காரர் நிலத்தைத் தோண்டிக்கொண்டு கீழே போனதற்கு வாடகை ஒரு காரணம். தெருமட்டத்து அறை கடைக்கு வேண்டும். அதை அடுப்புக்குக் கொடுத்தால் வியாபாரம் என்னாவது? மற்றொரு காரணம், பல டன் எடையுள்ள செங்கல் அடுப்பு. அதை மாடியில் கட்ட முடியாது, மண்மேல் கட்டலாம். மாவு மூட்டையும் நிலக்கரியும் தெருவிலிருந்து சரிவுப் பலகை வழியே தாமாக இறங்கிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஈஸ்ட். இந்த நுண்ணுயிர் 25 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள வெப்பத்தில் நன்றாக வேலை செய்யும். ஜனவரி மாதத்து லண்டனில் வெளியே 5 டிகிரி. மண்ணால் சூழப்பட்ட நிலவறையோ, அடுப்புச் சூடு ஒருமுறை ஏறிவிட்டால் எளிதில் ஆறாது. எனவே மாவுக்கு அது நல்ல இடம். மாவுக்கு நல்ல இடத்தில் மனிதனும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று. குளிர்காற்று பட்டால் மாவு பொங்காது என்று இருக்கிற துவாரத்தையும் அடைத்து வைப்பார்கள்.

நம் கடற்கரையில் இந்தத் தேவை எதுவும் இல்லை. மே மாதத்தில் மாவைச் சூடாக்குவதற்கு வழி தேட வேண்டாம். அது மிஞ்சிப் பொங்கிப் புளிக்காமல் காப்பதுதான் வேலை. ஆறடி தோண்டினால் பல இடங்களில் தண்ணீர் வேறு வந்துவிடும். நம் பேக்கரிகள் தரைமட்டத்திலேயே இருப்பதற்கு நாம் சுகாதாரத்தில் சிறந்தவர்கள் என்பது காரணமல்ல.

சுண்ணாம்பும் சாளரமும்

டாக்டர் வில்லியம் கை என்ற மருத்துவர் லண்டன் ரொட்டித் தொழிலாளர்களின் உடல்நிலையை ஆராய்ந்து 1848-இல் அவர்கள் சார்பாகப் பேசினார். பின்னர் தொழிலாளர்களின் குறைகளை விசாரிக்க ஹியூ டிரெமென்ஹீர் என்பவரை அரசு நியமித்தது. அவருடைய அறிக்கை 1862-இல் வெளிவந்தது. தூக்கமின்மை, வெப்பம், மாவுத்தூசி, அறைக்குள்ளேயே ஓடும் சாக்கடை ஆகிய அனைத்தும் அதில் பதிவாயின. காரல் மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் இந்த அறிக்கையை விரிவாக எடுத்தாண்டிருக்கிறார்.

ஆனால் அறிக்கை வெளிவந்தபோது நகரத்தைக் கலக்கியது தொழிலாளியின் நிலை அல்ல. ரொட்டியில் படிகாரம் கலக்கிறார்கள், வியர்வை கலக்கிறது, சிலந்திவலையும் கரப்பான்பூச்சியும் கலக்கின்றன என்ற செய்திதான். உண்பவர் திடுக்கிட்டார், சட்டம் பிறந்தது. எந்த அச்சத்தில் பிறந்ததோ அந்த அச்சத்தின் அடையாளம் அதன் விதிகளில் தெரிகிறது. 1863-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரொட்டிக் கூடத்தின் சுவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும்; அல்லது எண்ணெய் வண்ணம் பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெந்நீரும் சோப்பும் இட்டுக் கழுவ வேண்டும். அதே தளத்தில் படுக்கையறை இருந்தால் தடுப்புச் சுவரும், குறைந்தது ஒன்பது சதுர அடிச் சாளரமும் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களை இரவு ஒன்பது முதல் காலை ஐந்து வரை வேலை வாங்கக்கூடாது. இந்தக் கடைசி விதி ஒன்றுதான் நேராக மனித உடலைப் பற்றியது. அதுவும் வயது வந்தவனுக்கு இல்லை. காற்றோட்டம் வேண்டும் என்று சட்டம் சொல்லியது. எவ்வளவு என்று சொல்லவில்லை.

1883-ஆம் ஆண்டுச் சட்டம் கழிப்பிடத்தையும் சாக்கடை வாயையும் புதிய ரொட்டிக் கூடங்களிலிருந்து வெளியேற்றியது. 1895-ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாக நிலவறைக் கூடங்கள் தொடங்குவதைத் தடுத்தது. 1901-ஆம் ஆண்டுச் சட்டம், 1904 ஜனவரி முதல் நாளுக்குப் பிறகு, உள்ளூர் மன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் எந்த நிலவறையிலும் ரொட்டி சுடக்கூடாது என்றது. எது நிலவறை என்பதற்கும் ஓர் அளவு கொடுத்தது: அறையின் தரை, அடுத்துள்ள தெரு நடைபாதையைவிட மூன்றடிக்கு மேல் தாழ்ந்திருந்தால் அது நிலவறை.

மூன்றடி என்பது நாடாவை வைத்து அளந்துவிடக்கூடிய நல்ல எண், வழக்காடவும் வசதி. ஆனால் இரண்டே முக்கால் அடி ஆழத்தில், சாளரமற்ற அறையில், அடுப்பெதிரே நிற்பவனுக்கு இந்த விதியால் என்ன பயன்? கட்டடம், வெளிச்சம், காற்றோட்டம் ஆகியவை பொருத்தமாக இருந்தால் சான்றிதழ் தரலாம் என்றது சட்டம். பொருத்தம் எவ்வளவு என்பதை அந்தந்த ஊர் மன்றம் தீர்மானிக்கும். ஒரு தெருவில் பொருத்தமான அறை அடுத்த தெருவில் பொருத்தமற்றதாகலாம்.

கருவி இருந்தது

அக்காலத்தில் காற்றை அளக்கத் தெரியாது என்று சட்டமியற்றியவர்களுக்காக வாதாட இயலாது. ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் பெட்டன்கோஃபர் 1858-லேயே ஓர் அளவுகோலைக் கொடுத்துவிட்டார். அறைக்காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த அறையில் காற்றோட்டம் போதாது என்பது அவர் கண்ட முடிவு. அந்த அளவில் கரியமில வாயு நஞ்சாகிவிடும் என்பதல்ல பொருள். மனிதர் வெளிவிட்ட மற்ற அசுத்தங்களும் சேர்ந்திருக்கின்றன என்பதற்கு அது ஓர் அறிகுறி. சுண்ணாம்பு நீர், பாரைட்டா நீர் போன்றவற்றைக் கொண்டு கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே செய்யக்கூடிய சோதனைதான். 1863-இன் சட்டம் வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே இது அச்சாகிவிட்டது.

இன்னும் வலுவான சான்று லங்காஷயர் நெசவாலைகளில் கிடைக்கிறது. நூல் அறாமல் இருப்பதற்காக அங்கே காற்றில் நீராவி கலப்பார்கள். தொழிலாளர் முறையிட்டதன் பேரில் 1889-இல் ஒரு சட்டம் வந்தது. ஆலையில் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகளைத் தொங்கவிட வேண்டும். இன்ன வெப்பத்துக்கு இன்ன ஈரம்தான் உச்சவரம்பு என்று அட்டவணை. ஆளுக்கு மணிக்கு 600 கன அடி புதுக்காற்று. பௌதிகம் சட்டப் புத்தகத்துக்குள் அழகாக நுழைந்த இடம் இது. அதே பாராளுமன்றம் ஆறு ஆண்டு கழித்து ரொட்டிக் கூடங்களைப் பற்றி மறுபடியும் சட்டம் செய்தபோது இந்த அட்டவணையை எடுத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நெசவாலையில் நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் சங்கமாகச் சேர்ந்து நின்றார்கள். ரொட்டிக் கூடத்தில் நால்வர் இருளில் தனித்தனியாக நின்றார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூயார்க் மாநிலத்தில் 1895-இல் வந்த சட்டம் சற்று முன்னேறியது. அறையின் உயரம் குறைந்தது எட்டு அடி, சிமெண்டுத் தரை, தனிப் படுக்கையறை என்று கட்டட விதிகளைச் சொன்னதோடு, நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றும் கூறியது. வீட்டுப் பிராணிகளுக்கு அங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டுப் பூனைக்கு மட்டும் விலக்கு அளித்தது. எலிகளின் நிலவரத்தைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது! யூட்டிகா நகர ரொட்டிக்கடை முதலாளி ஜோசஃப் லாக்னர் வேலைநேர விதியை எதிர்த்து வழக்காடினார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905-இல், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ரொட்டித் தொழில் அப்படியொன்றும் உடலுக்குத் தீங்கானதல்ல என்பது பெரும்பான்மையோர் கருத்து. நீதிபதி ஹார்லன் மாறுபட்ட தீர்ப்பில் வெப்பத்தையும் மாவுத்தூசியையும் இரவு விழிப்பையும் எடுத்துக் காட்டினார். சுவர், தரை, சாக்கடை பற்றிய விதிகளுக்கு எந்தக் குந்தகமும் வரவில்லை. வேலைநேரம் மட்டும் போயிற்று.

நேரத்தை விட்டுவிட்டால் பௌதிகத்தில் பாதி போய்விடுகிறது. உடலுக்குள் செல்லும் வெப்பமானாலும் தூசியானாலும், செறிவை நேரத்தால் பெருக்கினால்தான் அளவு கிடைக்கும். எட்டடிக் கூரையின்கீழ் பதினாறு மணி நேரம் நிற்பவன், ஏழடிக் கூரையின்கீழ் எட்டு மணி நேரம் நிற்பவனைவிட நல்ல நிலையில் இருக்கிறான் என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

மாவும் தூசிதான்

இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-இல் வெளியிட்ட தொழில்நோய் பற்றிய நூலில் ரொட்டி செய்வோருக்கும் மாவு அரைப்போருக்கும் இடம் உண்டு. மாவைத் தொடர்ந்து சுவாசிப்பதால் இருமலும் மூச்சிரைப்பும் வருவதை அவர் கண்டு எழுதினார். உண்ணும் பொருள் எப்படி நுரையீரலைக் கெடுக்கும் என்று நினைக்கத் தோன்றும். கோதுமைப் புரதமும், மாவில் சேர்க்கப்படும் நொதிகளும் சிலருக்கு ஒவ்வாமை ஆஸ்துமாவை உண்டாக்குகின்றன என்பது இன்று ஐயமின்றி நிறுவப்பட்டிருக்கிறது. எவ்வளவு தூசி வரை பொறுக்கலாம் என்பதில்தான் ஒருமை இல்லை. பிரிட்டன் 2001-இல் கன மீட்டருக்கு 10 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்களின் அமைப்பு பரிந்துரைத்ததோ 0.5 மில்லிகிராம். இருபது மடங்கு வேறுபாடு. தராதரம் என்ற சொல்லைக் கேட்டதும் அதை இயற்கை விதி போல் எண்ணிவிடக்கூடாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இத்தாலியின் டூரின் நகரில் 1785 டிசம்பர் 14 அன்று ஒரு ரொட்டிக்காரரின் மாவுக் கிடங்கு வெடித்தது. மேலறையிலிருந்து கீழறைக்கு மாவைத் தள்ளும்போது தூசி மேகமாக எழுந்து, எரிந்துகொண்டிருந்த விளக்கை எட்டியது. தூசி வெடிப்பு பற்றிய மிகப் பழைய விளக்கங்களுள் ஒன்று மொரோஸ்ஸோ பிரபு எழுதிய இந்த நிகழ்ச்சியின் குறிப்பு. நிலவறையில் வாயு விளக்கைப் பொருத்தியவர்கள் இதைப் படித்திருந்தார்களா என்பது வேறு விஷயம்.

நம் கடற்கரைக் கணக்கு

இப்போது செங்கற்பட்டுக்கு வருவோம். விறகடுப்போ டீசல் அடுப்போ உள்ள ஒரு பேக்கரியின் பின்கட்டு. தரைமட்டம், சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறது, பழைய லண்டன் விதிகளின்படி குறைசொல்ல இடமில்லை.

மனித உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற, சூடான அறையில் மிஞ்சும் வழி வியர்வை ஆவியாவது ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். ஆவியாகாமல் சொட்டிவிட்டால் ஒன்றும் நீங்காது. ஆவியாகுமா, சொட்டுமா என்பதை உணர்த்துவது ஈரக்குமிழ் வெப்பநிலை: வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்றுப்பட வைத்தால் அது காட்டும் எண். ஜான் ஸ்காட் ஹால்டேன் சுரங்கங்களில் செய்த ஆய்வுகளின் முடிவை 1905-இல் வெளியிட்டார். அசையாத காற்றில் ஈரக்குமிழ் 31 டிகிரியைத் தாண்டினால் உடல் வெப்பம் ஏறத் தொடங்கிவிடுகிறது. உலர்குமிழ் என்ன காட்டுகிறது என்பது அவ்வளவு முக்கியமல்ல என்பது அவர் கண்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளிர்கால லண்டன் நிலவறை: உள்ளே வெப்பம் 32 டிகிரி, காற்றின் பனிநிலை 20 டிகிரி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் சுமார் 23.5 வரும். அடுத்து நம் கடற்கரையின் கோடை இரவு: வெளியே 29 டிகிரி, ஈரப்பதம் 84 சதவீதம். வெளியிலேயே ஈரக்குமிழ் கிட்டத்தட்ட 27. அதே காற்று பேக்கரிக்குள் நுழைந்து அடுப்பால் 39 டிகிரிக்குச் சூடாகிறது. ஈரம் கொஞ்சமும் கூடவில்லை என்று கொண்டாலும் ஈரக்குமிழ் 29-ஐ எட்டுகிறது. வேகும் ரொட்டியிலிருந்து வெளியேறும் ஆவியும் ஆட்களின் வியர்வையும் பனிநிலையை இரண்டு டிகிரி உயர்த்தினால் 30.4. ஹால்டேனின் எல்லைக்கு அரை டிகிரிதான் பாக்கி. அடுப்பு வாய் திறக்கும்போது முகத்தில் அறையும் கதிர்வீச்சு வெப்பத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

நச்சுக் காற்றும் சாக்கடையும் எப்படியிருந்தாலும், இந்த ஓர் அளவையில் இருண்ட லண்டன் நிலவறையைவிட நம் வெள்ளையடித்த தரைமட்ட அறை மோசமானது. மாமல்லபுரத்துப் பக்கம் பிற்பகலில் கடற்காற்று சற்று முன்னதாகவே வந்து வெப்பத்தைக் குறைக்கும். கூடவே ஈரத்தையும் கொண்டுவரும். ஆகவே அங்குள்ளவர்களுக்கும் இதில் பெரிய ஆறுதல் இல்லை.

காற்றோட்டக் கணக்கும் நமக்குப் பாதகமாகவே இருக்கிறது. சூடான காற்று மேலெழுந்து வெளியேறுவதற்கான அழுத்தம், உள்ளுக்கும் வெளிக்குமுள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. மூன்று மீட்டர் உயரத்துக்கு, லண்டனில் வேறுபாடு 25 டிகிரி என்றால் அழுத்தம் சுமார் 3 பாஸ்கல். இங்கே வேறுபாடு 10 டிகிரி; அழுத்தம் ஒரு பாஸ்கலுக்குச் சற்று மேல். அங்கே துவாரத்தைத் திறந்துவிட்டால் 5 டிகிரிக் காற்று பாய்ந்து வரும். இங்கே சுவரையே இடித்துவிட்டாலும் ஈரக்குமிழ் 27-க்குக் கீழே இறங்காது. வெளிக்காற்றுக்கும் ஆபத்து எல்லைக்கும் இடையே அவர்களுக்கு இருபத்தைந்து டிகிரிக்கு மேல் இருந்தது. நமக்கு இருப்பது நான்கே டிகிரி. அந்த நான்கு டிகிரிக்குள் அடுப்பையும் மனிதனையும் வைத்தாக வேண்டும். புகைபோக்கி சரியில்லாத விறகடுப்பானால் கார்பன் மோனாக்ஸைடும் சேர்ந்துகொள்ளும். அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேலான பிடிப்புடன் இரத்தத்தில் ஒட்டிக்கொள்வது.

இங்குள்ள விதிகள்

1948-ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் ஆளுக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றது. தரைக்கு மேல் 4.2 மீட்டருக்கு அப்பாலுள்ள உயரத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றும் கூறியது. 14.2 கன மீட்டர் என்பது 500 கன அடி. இடத்தைக் கூட்டுவது தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்குவது போன்றது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் பெரிய தொட்டி சற்றுத் தாமதமாகக் காலியாகும், அவ்வளவுதான். உழைக்கும் நால்வர் ஒவ்வொருவரும் மணிக்கு 40 லிட்டர் கரியமில வாயு வெளிவிட்டால், சட்டப்படி அமைந்த 57 கன மீட்டர் அறை முழுதும் மூடியிருக்கும்போது, பெட்டன்கோஃபரின் அளவைத் தாண்ட அரை மணிகூட ஆகாது.

அச்சட்டத்தின் கீழ் வகுத்த மாதிரி விதிகளில் ஈரக்குமிழ் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது, காற்று நிமிடத்துக்கு 30 மீட்டராவது அசைய வேண்டும் என்ற விதி இருந்தது. நம் தட்பவெப்பத்தை அறிந்து எழுதிய நல்ல விதி. ஆனால் அது யாருக்கு? மின்விசை உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. 2020-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இந்த எண்களை 20 என்றும் 40 என்றும் இரட்டிப்பாக்கியது. ஒரு மாஸ்டர், இரண்டு உதவியாளர், அடுப்புக்கு ஒருவர் என்று நடக்கும் பேக்கரி இந்தக் கதவு வழியே உள்ளே வரவே முடியாது.

அத்தகைய பேக்கரிக்கும் வருகிற விதி உணவுப் பாதுகாப்பு விதி. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2011-இல் வெளியான உரிம விதிமுறைகளில் சுவர், தரை, வடிகால், பூச்சித் தடுப்பு எல்லாம் வரிசையாக உள்ளன. உணவைக் கையாளுவோருக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. எதற்கு? அவருக்குத் தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க. ரொட்டிக்கு அவரால் கேடு வருமா என்று சோதிக்கிறோம். அவருக்கு ரொட்டித் தொழிலால் கேடு வந்திருக்கிறதா என்று அதே மருத்துவர் அதே நாளில் ஊதுகுழாய் ஒன்றைக் கொடுத்து மூச்சின் வேகத்தைச் சோதித்துவிடலாம். 1863-இல் படிகாரத்துக்கு அஞ்சியவர்களின் பார்வை இன்னும் மாறவில்லை.

இரவு வேலையைப் பற்றி ஒரு சொல். பிரான்ஸ் 1919-இல் இரவில் ரொட்டி சுடுவதையே தடைசெய்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1925-இல் இதற்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. அதில் முதலாளியே தம் கையால் இரவில் சுடுவதற்கும் தடை இருந்தது. காலையில் சூடான ரொட்டி வேண்டும் என்ற நம் ஆசைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஆனால் நம் ஊரில் கோடைப் பகலைவிட இரவு வேலையே உடலுக்கு எளிது என்று தொழிலாளர்களே சொல்வதும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. பாரிஸின் விதியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது.

பௌதிகம் பயிலும் மாணவர்கள் இந்த ஈரக்குமிழ்க் கணக்கைத் தாங்களே சரிபார்க்கலாம். ஒரேமாதிரியான இரண்டு சாதாரண வெப்பமானிகள், ஒரு துண்டு மல் துணி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு விசிறி போதும். பேக்கரிக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். அடுப்பு வாய்க்கு நேராக வெப்பமானியைத் தொங்கவிட்டால் கதிர்வீச்சு கணக்கைக் கெடுத்துவிடும். இடையில் ஓர் அட்டையை நிறுத்தலாம். மாவு பிசையும் மேசையருகே, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் மாட்டி, ஐந்து நிமிடம் விசிறிவிட்டுப் படிக்க வேண்டும். அடுப்பு மூட்டுமுன் ஒரு முறை, முதல் தட்டு ரொட்டி வெளியே வரும்போது ஒரு முறை, வேலை முடியும்போது ஒரு முறை. ஒவ்வொரு முறையும் வெளித் தெருவிலும் ஓர் அளவு எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.